மூடியிருக்க வேண்டிய ஒரு சதுரம்

ஒரே ஒரு பழைய லேத்தை வைத்துத் தொழில் ஆரம்பித்தவன் நான். கூரை போட வழியில்லை. நாலு கம்பு நட்டுத் தார்ப்பாய் கட்டி, மழை வந்தால் லேத்துக்குக் குடை பிடித்துக்கொண்டு நிற்பேன். நான் நனைவேன், லேத் நனையாது. அப்படி ஆரம்பித்து ஓசூர் தொழிற்பேட்டைக்குப் பின்புறம் நாலு ஷெட் போட்டேன். பெரிய கம்பெனிகள் முடியாது என்று கைவிரித்த வேலையை எல்லாம் எடுத்துச் செய்தேன். ஒரு ஆலையில் வெளிநாட்டு மெஷின் உடைந்துபோய், அந்த நாட்டு ஆள் வர மூன்று மாதம் ஆகும் என்றார்கள். மூன்றே நாளில் அந்தப் பாகத்தை நானே செய்து ஓட வைத்தேன். கடைசியாக வயர்கட் மெஷினும் வாங்கிப் போட்டேன். எங்கள் வரிசையில் முதலில் வாங்கியவன் நான்தான். எங்களுடையது நாகரசம்பட்டிப் பக்கம் அடுத்தவன் தோப்பில் கூலிக்கு மாங்காய் பறித்த குடும்பம். என் படிப்பு ஐந்தாம் வகுப்பு, அதிலும் பாதிதான்.

இதையெல்லாம் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் கிடையாது. செய்தவன் சொல்லாமல் வேறு யார் சொல்வது? ஆனால் இப்போது வயது எழுபதைத் தாண்டிவிட்டது. சொல்லச் சொல்ல அசதிதான் மிஞ்சுகிறது. இந்த ஒரு விஷயத்தை மட்டும் எழுதி முடித்துவிட்டு ஓய்ந்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ இருக்கும். ஆனி மாதம். பெங்களூரிலிருந்து ஒரு ஜீப் வந்து என் ஷெட் முன்னால் நின்றது. ஓர் அம்மா இறங்கினார். வானத்தை ஆராய்ச்சி செய்கிற இடத்தில் பெரிய விஞ்ஞானி. தாய்மொழி கன்னடம் என்றாலும் தமிழ் நன்றாக வரும். என்னை முதல் நாளிலிருந்தே "யஜமான்ரே" என்றுதான் கூப்பிட்டார். அவர்கள் பக்கத்தில் முதலாளியை மரியாதையாக அப்படித்தான் அழைப்பார்கள். என்னை அப்படி அழைத்த படித்தவர் அவர் ஒருவர்தான்.

வரைபடத்தை மேஜையில் விரித்தார். இரண்டு செங்கல்லைச் சேர்த்து வைத்த அளவுக்கு ஒரு டங்ஸ்டன் தகடு. கனம் அரை மில்லிமீட்டர். அதில் சின்னச் சின்னச் சதுர ஓட்டைகள், ஆயிரத்துச் சொச்சம். ஓர் ஒழுங்கும் இல்லை. ஓரிடத்தில் நாலு சேர்ந்தாற்போல, ஓரிடத்தில் ஒன்றுமே இல்லாமல்.

"என்ன மேடம் இது, சல்லடையா?" என்றேன்.

"சல்லடையேதான் யஜமான்ரே. ஆனா அரிசி சலிக்க இல்லை, வெளிச்சம் சலிக்க."

எனக்குப் புரிகிற மாதிரி பொறுமையாகச் சொன்னார். எங்கேயோ கணக்கில் அடங்காத தூரத்தில் ஒரு பெரிய நட்சத்திரம் சாகிறது. சாகும்போது காமா கதிர் என்று ஒரு வெளிச்சத்தை வீசி அடிக்கிறது. கண்ணுக்குத் தெரியாது. நம் காற்றைத் தாண்டிக் கீழே வராது. அதனால் மேலே போய்த்தான் பார்க்க வேண்டும். எந்தத் திசையில் வரும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. சில நொடிதான், வந்தது தெரிவதற்குள் முடிந்துவிடும். லென்ஸ் வைத்தும் பிடிக்க முடியாது, உள்ளே புகுந்து போய்விடும். அதனால்தான் இந்தத் தகடு. ஓட்டை இருக்கிற இடத்தில் வெளிச்சம் இறங்கும், மூடின இடத்தில் நிழல் விழும். கீழே இருக்கிற கருவி அந்த நிழலைப் பதிந்துகொள்ளும். நிழல் எவ்வளவு நகர்ந்து விழுந்திருக்கிறது என்று கணக்குப் போட்டால் வெளிச்சம் வந்த திசை தெரிந்துவிடும். உடனே இன்னொரு தொலைநோக்கியை அந்தப் பக்கம் திருப்புவார்கள். காமா வெளிச்சம் போன பிறகும் அந்த இடத்தில் எக்ஸ்ரே கொஞ்ச நேரம் மினுங்கிக்கொண்டிருக்குமாம்.

"நெருப்பு அணைஞ்சாலும் கங்கு கெடக்குமே, அந்த மாதிரிங்களா?" என்று கேட்டேன்.

"அதே! கங்கு இருக்கறப்பவே பார்த்துடணும். திசை தப்பாச்சுன்னா கங்கும் போச்சு."

டங்ஸ்டன் கல் மாதிரி கடினம், கண்ணாடி மாதிரி நொறுங்கும். பெங்களூரில் மூன்று பேர் மாட்டேன் என்றுவிட்டார்களாம். நான் செய்கிறேன் என்றேன். அவர் கொண்டுவந்தவை இரண்டே தகடுகள். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தவை. இன்னொன்று வேண்டுமென்றால் ஆறேழு மாதம் ஆகும். ஆவணி பிறந்ததும் கருவி முழுவதையும் பூட்டி, ராக்கெட் குலுக்குகிற மாதிரி குலுக்கிப் பார்க்கப் போகிறார்கள், அதற்குள் தகடு வேண்டும், தவறினால் செயற்கைக்கோளில் அவர்களுடைய கருவிக்கு ஒதுக்கிய இடத்தில் வேறு யாருடையதோ ஏறிவிடும் என்றார். அதற்குப் பத்து வருஷம் உழைத்திருந்தார்கள்.

என்னிடம் புரோகிராம் போட ஒருவர் இருந்தார். திருநெல்வேலிப் பக்கம், நாற்பது வயது. அப்போது வா, போ என்றுதான் பேசுவேன். எழுத உட்கார்ந்தால் கை அவர் என்றுதான் எழுதுகிறது. அவர் என்னை அண்ணாச்சி என்பார். எனக்குத் தமிழ் பேப்பர் மூலை முடுக்கெல்லாம் படிக்க வரும். இங்கிலீஷ் ஓர் எழுத்தும் வராது. கோடும் எண்ணும் போதும், மற்றதைக் கண்ணே சொல்லிவிடும். ஆனால் வரைபடத்தில் ஓரமாக இங்கிலீஷில் குறிப்பு எழுதியிருப்பார்களே, அதற்கு ஒரு வழி வைத்திருந்தேன். புதிதாக ஒரு வேலை வந்தால் அவரைக் கூப்பிட்டு, "படிச்சுச் சொல்லுப்பா பாப்போம், உனக்கு எவ்வளவு வெளங்குதுன்னு பாக்கறேன்" என்பேன். அவருக்குப் பரீட்சை வைக்கிற மாதிரி. அவரும் வரிவரியாகத் தமிழில் சொல்வார். நான் தலையாட்டுவேன். எட்டு வருஷம் இப்படியே ஓடியது.

வயர்கட் என்றால் தலைமுடி கனத்துக்குப் பித்தளைக் கம்பி. தண்ணீருக்குள் மின்சாரம் பாய்ச்சி அந்தக் கம்பியால் உலோகத்தை அறுப்பது. ஒவ்வொரு சதுரத்துக்கும் முதலில் ஒரு பொடி துளை போட்டு, அதில் கம்பியைக் கோத்து, சுற்றி அறுக்க வேண்டும். கரண்ட் போனால் கம்பி அறுந்தது. கரண்ட் வந்தாலும் அறுந்தது. மூன்றாம் நாள் முதல் தகடு விரிசல் விட்டது. அது தகட்டின் குற்றம், இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். மிச்சம் இருந்தது ஒன்று. இரண்டு பேரும் முறை போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தோம். கண் எரியும், முதுகு ஒடியும். இருபத்தாறு நாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் கடைசிச் சதுரம் முடிந்தது.

திருநெல்வேலிக்காரர் ஊர்க் கோயிலில் ஆடிக் கொடைத் திருவிழா. அன்றைக்கே கிளம்ப வேண்டும். "அண்ணாச்சி, எல்லாம் முடிஞ்சுட்டு. கழத்தி பத்திரமா வச்சிருங்க. நான் செவ்வாக்கெழம வந்து ஒருக்க செக் பண்ணி அனுப்பிருவோம், என்ன?" என்றார்.

"போய்ட்டு வாப்பா. நான் பாத்துக்க மாட்டனா? எனக்கே பாடம் சொல்றியா?" என்றேன்.

பார்த்துக்கொண்டேன். அதுதான் வினை.

சனிக்கிழமை காலையில் தகட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அரைமணி நேரம் பார்த்திருப்பேன். திடீரென்று பிடிபட்டது. ஒழுங்கே இல்லை என்று நினைத்தேனே, அது பொய். இடது பாதியில் இருப்பது அப்படியே வலது பாதியிலும் இருக்கிறது! அதே நாலு, அதே வெற்றிடம், அதே வரிசை. எனக்கு யாரும் சொல்லவில்லை. நானே கண்டுபிடித்தேன். ஒரு பென்சிலை வைத்து ஒவ்வொரு வரிசையாகச் சரிபார்த்தேன். எல்லாம் பொருந்தியது, ஒரே ஒரு இடம் தவிர. இடது பக்கம் திறந்திருந்த ஒரு சதுரம், வலது பக்கம் அதே இடத்தில் மூடிக்கிடந்தது.

வரைபடத்தைப் பார்த்தேன். அந்தச் சதுரம் அதிலும் மூடித்தான் இருந்தது. ஆனால் அதைச் சுற்றிப் பேனாவால் ஒரு வட்டம், பக்கத்தில் இங்கிலீஷில் ஒரு வரி. வேலை வந்த அன்று திருநெல்வேலிக்காரர் படித்துச் சொன்ன வரிகளில் இது எது என்று எனக்கு நினைவில் இல்லை. எங்கள் தொழிலில் வரைபடத்தை அனுப்பிய பிறகு ஏதாவது மாற்றினால், மாற்றிய இடத்தைத்தான் வட்டம் போட்டுக் காட்டுவார்கள். முப்பது வருஷமாக நான் பார்த்த வட்டமெல்லாம் அப்படித்தான். ஆக, மூடியதைத் திறக்கச் சொல்லியிருக்கிறார்கள், ஊருக்குப் போகிற அவசரத்தில் நம்ம ஆள் கவனிக்காமல் விட்டுவிட்டார் என்று முடிவு கட்டினேன். அடுத்த ஷெட்டில் இங்கிலீஷ் தெரிந்தவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். போய்க் கேட்டிருக்கலாம். கேட்டால் எனக்குப் படிக்கத் தெரியாது என்று தெரிந்துவிடும்.

நானே தகட்டை மறுபடி ஏற்றினேன். நானே துளை போட்டு, கம்பி கோத்து, புரோகிராம் இல்லாமல் கையாலேயே ஓட்டி அறுத்தேன். என் கையால் அறுத்த சதுரம் மற்ற எல்லாவற்றையும்விடச் சுத்தமாக வந்தது. செவ்வாய்க்கிழமை வரை ஏன் காத்திருக்க வேண்டும்? திங்கட்கிழமை காலை மரப்பெட்டியில் பஞ்சு வைத்து, மடியில் வைத்துக்கொண்டு, பஸ் ஏறிப் பெங்களூருக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். காபி வாங்கிக் கொடுத்தார்கள். மார்பை நிமிர்த்திக்கொண்டு வந்தேன்.

புதன்கிழமை ஜீப் வந்தது. அந்த அம்மாவுடன் அவருக்கு மேலதிகாரி, ஒரு பெரியவர். பெட்டியைத் திறந்து தகட்டை மேஜையில் வைத்தார்கள். அம்மா அந்த ஒரு சதுரத்தில் பென்சில் நுனியை வைத்தார். நுனி உள்ளே இறங்கி மேஜையைத் தொட்டது.

"யாரு மாடித்து இது? யார் பண்ணது?" என்றார் பெரியவர்.

தகடு மெல்லிசு. ராக்கெட் குலுக்குகிற குலுக்கலில் தப்பட்டை மாதிரி அதிரும், நொறுங்கிவிடும். அதனால் நடுவை ஒட்டி ஓரிடத்தில் அடியிலிருந்து ஆணி மாதிரி ஒரு பின் தாங்கிப் பிடிக்கும். அந்தப் பின் உட்கார வேண்டிய இடம் அது. அதற்காகவே அந்தச் சதுரத்தை மட்டும் கணக்கை மீறி மூடி வைத்திருந்தார்கள். இப்போது பின்னுக்கு உட்கார இடம் இல்லை. வேறு தகடும் இல்லை. குலுக்கிப் பார்க்கிற நாளுக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது.

முந்தின நாள் ஊரிலிருந்து வந்திருந்த திருநெல்வேலிக்காரர் ஓடிப்போய் புரோகிராமைத் திறந்து காட்டினார். "இந்தா பாருங்க சார், இதுல அந்தச் சதுரம் இல்லவே இல்ல."

"அப்ப மெஷின் தானா கட் பண்ணிச்சா?" என்றார் பெரியவர்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "ஊர்ல கொடைங்க. போற அவசரத்துல ஆளு கொஞ்சம் தடுமாறிட்டாப்பல."

திருநெல்வேலிக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை. கோபம் வந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும், நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். வெளியாட்கள் முன்னால் முதலாளியைப் பொய்யன் என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான். பெரியவர் ஒரு தாளை எடுத்து, அவர் பெயரைக் கேட்டு எழுதினார். வேலை எப்படிக் கெட்டது என்று அறிக்கை கொடுக்க வேண்டுமாம். "இனிமே இவர் கை நம்ம வேலைல படக்கூடாது" என்றார். எழுதிய பெயரின் அடியில் ஒரு கோடும் போட்டார். பெங்களூரிலும் ஓசூரிலும் இந்த மாதிரி வேலை தெரிந்தவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். இப்படி ஒரு தாள் போனால் அந்தப் பெயரை அப்புறம் யாரும் கூப்பிட மாட்டார்கள்.

அந்த அம்மா திருநெல்வேலிக்காரரைக் கேட்டார். "நோட் எழுதியிருந்தேனே, படிக்கலையா நீங்க?"

"படிச்சேன் மேடம்."

அம்மா என் பக்கம் திரும்பினார். சத்தியமாகச் சொல்கிறேன், என்னைச் சோதிக்கவில்லை. இவ்வளவு தெளிவாக எழுதியிருக்கிறதே என்ற ஆற்றாமைதான். வரைபடத்தை என் பக்கம் திருப்பி, "நீங்களே படிங்க யஜமான்ரே, இதைவிட எப்படி எழுதறது?" என்றார்.

தாளைக் கையில் வாங்கினேன். அந்த வரியைப் பார்த்தேன். எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது. "கண்ணாடி எடுத்துட்டு வரலீங்க" என்றேன். கண்ணாடி என் சட்டைப் பையிலேயே இருந்தது. எல்லாருக்கும் தெரிந்தது. பக்கத்தில் நின்ற திருநெல்வேலிக்காரர், நான் கேட்காமலே, மெல்லிய குரலில், "'இந்தக் கட்டம் மூடியே இருக்கணும், பின் உட்கார்ற இடம்'னு போட்டிருக்கு அண்ணாச்சி" என்றார். ஒரு நிமிஷத்துக்கு முன்னால் நான் பழி போட்ட மனிதர், அப்போதும் எனக்குப் படித்துச் சொன்னார்.

நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. நான்தான் வெட்டினேன். அவரு ஊர்ல இருந்தாரு. அந்தப் பேரை அடிச்சிட்டு என் பேரை எழுதுங்க."

பெரியவர் அடித்தார், எழுதினார். அம்மா மட்டும், "எதுக்கு வெட்டினீங்க?" என்று கேட்டார். இடதும் வலதும் ஒன்றாக இருப்பதைப் பார்த்தேன், இது மட்டும் பொருந்தவில்லை என்றேன். "அது ரெண்டும் ஒண்ணுன்னு எங்க ஸ்டூடன்ட்ஸுக்கே நாங்க சொல்லித்தான் தெரியும்" என்றார். வேறு ஒரு நாளாக இருந்தால் அந்த வார்த்தையை ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்திருப்பேன்.

டீ வந்தது. யாரும் தொடவில்லை. திருநெல்வேலிக்காரர்தான் தகட்டைப் பார்த்தபடியே, "மேடம், பின்னு தலை உருண்டையாத்தான் இருக்கணுமா? சதுரமா வச்சு, அந்தத் தலையே ஓட்டைய அடைச்சுக்கிட்டா?" என்றார். அம்மா பென்சிலை எடுத்தார். பெரியவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

விரிசல் விட்ட முதல் தகட்டை நான் தூக்கி எறியவில்லை, எதையும் எறிகிற பழக்கம் எனக்குக் கிடையாது. அதிலிருந்து சதுரம் அறுத்துப் பின்னின் தலையில் பொருத்தினோம். அளவு திருநெல்வேலிக்காரர் சொன்னது, கை என்னுடையது. அந்த ஓட்டைக்குள் தலை இறங்க வேண்டும், ஆனால் ஆடக் கூடாது. பசை மாதிரி அரைப்புப் பொடியைத் தடவி, கண்ணாடிப் பலகையில் தேய்த்துத் தேய்த்து, போட்டுப் பார்த்து, எடுத்துத் தேய்த்து, ஒன்பது நாள். விரல் நுனியில் தோல் உரிந்தது. பத்தாம் நாள் இறங்கி உட்கார்ந்தது. வெளிச்சத்தில் பிடித்தால் இடுக்கில் ஒரு கீற்றுக்கூடத் தெரியவில்லை. இந்த இரண்டு மாநிலத்திலும் அதைச் செய்ய வேறு ஆள் கிடையாது, இதை நான் யாரிடமும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

குலுக்கிப் பார்த்தார்கள். தகடு தாங்கியது.

அந்த ஒன்பது நாளில் திருநெல்வேலிக்காரரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொண்டு வருவேன். கேட்டதில்லை. அடுத்த வேலைக்கு வரைபடம் வந்த அன்று, கூப்பிடக் கூச்சப்பட்டு நானே விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் தாமாக வந்து எதிரே உட்கார்ந்து, "முதல் வரி..." என்று ஆரம்பித்துக் கடைசி வரை படித்துச் சொன்னார். பரீட்சை என்ற நாடகம் அன்றோடு முடிந்தது. இன்னும் ஆறு வருஷம் என்னிடம் இருந்தார். பிறகு மகள் படிப்புக்காகக் கோயமுத்தூர் போனார்.

அவர் என்னிடம் இருக்கும்போதே கருவி மேலே போனது. பிறகு ஒரு நாள் அந்த அம்மா எங்களை வரச் சொன்னார். கம்ப்யூட்டர் திரையில் ஒரு கோடு காட்டினார். தரையோடு தரையாகப் போய்க்கொண்டிருந்த கோடு, விருட்டென்று மேலே எழும்பி, அப்புறம் அடங்கி அடங்கி இறங்கியது. எங்கேயோ ஒரு நட்சத்திரம் செத்தது அதுதானாம். தகட்டின் நிழலை வைத்துத் திசை சொன்னோம், வேறு தேசத்துத் தொலைநோக்கி திரும்பிப் பார்த்தது, கங்கு இருந்தது என்றார். திருநெல்வேலிக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அதைப் பற்றிப் புத்தகம் போட்டார்கள். கொண்டுவந்து கொடுத்தார்கள். பின்னால் பெயர்ப் பட்டியல், நாலு பக்கம். திருநெல்வேலிக்காரர்தான் விரல் வைத்துப் படித்துப் பார்த்துச் சொன்னார், அவர் பெயரும் இல்லை, என் பெயரும் இல்லை. அம்மா வருத்தப்பட்டார், அடுத்த முறை போடச் சொல்கிறேன் என்றார். அவரும் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். நானும் இத்தனை வருஷமாகப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி ஓய்ந்துவிட்டேன். அந்த அலுவலகத்தில் என் பெயர் இருக்கிற ஒரே தாள், வேலையைக் கெடுத்தவன் என்று எழுதிய அந்த அறிக்கைதான்.

அதைக் கிழிக்கச் சொல்லவில்லை. அது உண்மை, இருக்கட்டும். இனி யாராவது அந்தக் கருவியின் கதையை எழுதினால், அடைக்க வழி சொன்னவர் பெயரை முதலில் போடுங்கள். அதற்குக் கீழே, இருபத்தாறு நாள் உட்கார்ந்து தகட்டை வெட்டியவன், படிக்கத் தெரியாததை மறைத்து ஒரு சதுரத்தைக் கெடுத்தவன், பழியை அடுத்தவர் மேல் போட்டவன், ஒன்பது நாள் தேய்த்து அதை அடைத்தவன் என்று நாலையும் சேர்த்து என் பெயரைப் போடுங்கள். நான் பிச்சை கேட்கவில்லை, என் பங்கைக் கேட்கிறேன். அதில் ஒன்றைக் குறைத்தாலும் அது என் பங்கு இல்லை.